அமுக்கினால் இறங்க வேண்டும்

மானாம்பதி தாமோதரன் எதையும் அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மாம்பழம், மெத்தை, உழவு மாட்டின் தோள், பெண் பார்க்கப் போன வீட்டு சோபா உள்பட எல்லாம் அவர் கைபட்டுத் தேறியவை.

போன வியாழக்கிழமை அவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஸ்டார் சைக்கிள் மார்ட்டுக்கு வந்து, அங்கே நடுநாயகமாக நின்ற புது வண்டியின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். முன்பக்கம் இறங்கவில்லை. மறுபடி அமுக்கினார். அவர் கைதான் வலித்தது.

"இன்னா பாய், ஷாக்கு செத்துப் போயிக்கீதே" என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். அவர் கிளப்பிய புழுதியோடு போன வார அத்தியாயத்தை முடித்தோம்.

இந்த வாரம்தான் ஏறிக்கொள்கிறவர்களுக்கு வீட்டாரைக் காட்டிவிடலாம். கடைக்காரர் ரஹமத்துல்லா. வட்டார வியாபாரிகள் விழாவில் பிரியாணிச் செலவை அவர் ஏற்றுக்கொண்ட அன்று, 'மிதிவண்டி மாமணி' என்ற பட்டம் அவரைத் தேடி வந்தது. அதன்பிறகு கடைப் பலகையில் அவர் பெயர் நீண்டுகொண்டே போய், கடையின் பெயர் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. மனைவி வகிதா அந்தப் பட்டத்தை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. மகள் ஷாஹீதா பி.காம். முடித்தவள். அவளுக்கு இளையவன் வஹாப், முடிக்காதவன். சைக்கிளை ஓட்டுவதைவிடப் பறக்கவிடுவதில் கெட்டிக்காரன்.

இந்தக் குடும்பத்தில் அதிகாரம் கல்லாச் சாவியில் இல்லை. சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுப்பதில் இருக்கிறது. எடுக்கிறவர் முதலாளி, மற்றவர்கள் எல்லாம் விற்கிறவர்கள். அந்த வேலையை ஷாஹீதா கேட்டாள். ரஹமத்துல்லா ஒரு பந்தயம் வைத்தார். தாமோதரன் மானாம்பதியில் திறக்கும் பூங்காவுக்கு அவள் தேர்ந்த வண்டியை எடுத்துக்கொண்டால், இனிமேல் சரக்கு எடுப்பது அவள். இல்லையென்றால் திங்கட்கிழமை ஒரகடத்தில் அவள் மாமா பார்த்து வைத்திருக்கும் வேலையில் சேர்ந்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்குத் தவணையை நினைவூட்ட வேண்டும்.

பூங்காவுக்கு ஆங்கிலப் பெயர் டர்ட் பார்க். சென்னையிலிருந்து காரில் வரும் பிள்ளைகள் அங்கே ஒரு மண்மேட்டில் ஏறி, சைக்கிளோடு அந்தரத்தில் பறந்து, அடுத்த மேட்டில் இறங்குவார்கள். டர்ட் என்றால் இங்கே மண் என்று ஷாஹீதா சொல்லிப் பார்த்தாள். தாமோதரனின் மருமகன் அகராதியைப் பார்த்திருந்தார். ஆகவே பேனரில் 'பன்னாட்டு அழுக்குப் பூங்கா' என்று அச்சாகிவிட்டது.

வண்டியைத் தேர்வது என்பது அநேகமாக இரண்டு பொருளைத் தேர்வதுதான். ஒன்று போர்க், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள், அவற்றுக்குள்ளே குலுக்கலை வாங்கும் ஷாக். சென்னை மொத்தக் கடையில் டிராவல் நூறு, டிராவல் நூற்றறுபது என்று இரண்டு ரகம் காட்டினார்கள். ரஹமத்துல்லா நூற்றறுபதைத் தடவிக் கொடுத்தார். அதிக தூரம் பிரயாணம் போகும் போர்க் என்று அவர் அதற்குப் பொருள் கண்டிருந்தார். கால் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போய் வரும் என்பதுதான் டிராவல் என்றும், மேடு தாண்டுகிற வண்டிக்கு அது குறைவாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்லி ஷாஹீதா நூறை எடுத்தாள். அதற்குள் ஸ்பிரிங் கிடையாது. காற்றுதான் தாங்குகிறது.

இன்னொன்று ரிம். அவருக்குப் பொன்னிறத்தில் மினுக்கிய ஒற்றைத் தகட்டு ரிம் மேல் ஆசை. அவள் கறுப்பில், உள்ளே இரண்டு சுவர் வைத்துப் பெட்டிபோல் மடித்ததை எடுத்தாள். மேலிருந்து விழுந்தாலும் நசுங்காது. கடைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் டபுள் வால். தாமோதரன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ரெண்டு வாலும் எங்கே என்று கேட்டார். மாமணிக்குத் தெரியாது என்று சொல்ல வராது. கம்பெனியிலேயே வாலை உள்பக்கமாக மடித்து விட்டார்கள் என்றார். தாமோதரன் குனிந்து உள்பக்கத்தையும் பார்த்தார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. பூங்காவுக்குத் திறப்பு விழா.

விடிந்ததும் ஷாஹீதா போர்க்கில் காற்று அடித்தாள். அதற்கென்றே ஒரு சின்ன பம்ப் உண்டு. தலையில் கடிகாரம்போல் ஒரு முள் அளவு காட்டும். வஹாபின் எடைக்கு ஏற்ற இடத்தில் முள்ளை நிறுத்தி, மூடியைத் திருகிவிட்டு, மேடுகளின் விளிம்பைச் சரிபார்க்க ஸ்கூட்டியில் மானாம்பதிக்குக் கிளம்பினாள். வஹாப் குளித்துக்கொண்டிருந்தான். வண்டியை டாடா ஏஸில் ஏற்றி அனுப்ப வேண்டியது ரஹமத்துல்லா.

ஏஸ் வரத் தாமதமானது. கடையில் அவரும் வண்டியும் மட்டும் இருந்தார்கள்.

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கினார். விண்ணப்பத்தோடு வந்தவனைப் பார்க்கும் குமாஸ்தாவைப்போல் அது அசையாமல் நின்றது. இன்றைக்கும் தாமோதரன் அமுக்குவார். ஊர் முன்னால் அமுக்குவார். மைக் வேறு இருக்கும்.

ரஹமத்துல்லா போர்க்கின் தலையில் இருந்த மூடியைத் திருகினார். உள்ளே பார்த்ததும் அவருக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் இருந்தது. கார் டயரில் இருக்கும் அதே வால்வு. இதில் என்ன பெரிய விஞ்ஞானம்? சைக்கிள் குலுக்குகிறது என்று யாராவது சொன்னால் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துக் கொடுத்துத்தான் அவர் முடி நரைத்திருக்கிறது. அவர் பாக்கெட்டிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்து நடுவில் இருந்த ஊசியை அழுத்தினார். புஸ்ஸென்று வந்தது. கொஞ்சம் என்று நினைத்தார். கொஞ்சம் என்பது டயர் கணக்கு. போர்க்குக்குள் டயரில் இருப்பதுபோல் காற்று நிறைய இடம் பிடித்து உட்கார்ந்திருக்காது. கையளவு இடத்தில் நெருக்கி அடைத்திருப்பது. குச்சியை எடுத்தபோது அநேகமாக எல்லாம் வெளியே வந்திருந்தது.

அமுக்கினார். தலையணையைப்போல் இறங்கியது.

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தாமோதரனுக்கும் பிடிக்கும், மேலிருந்து குதிக்கும் மகனுக்கும் மெத்தென்று இருக்கும். வியாபாரி மனமும் தகப்பன் மனமும் ஒரே பக்கம் போவது அவருக்கு அபூர்வம். அதனாலேயே அவர் சந்தேகப்படவில்லை.

அவர் குச்சியை எடுப்பதற்கு முன்பே நாஷ்டா தட்டோடு பின்வாசலில் வந்து நின்றுவிட்ட வகிதா, என்ன சத்தம் என்று கேட்டாள். காற்று என்றார். இட்லி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மானாம்பதியில் அறுப்பு முடிந்த நிலத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பேனரில் தாமோதரன் கறுப்புக் கண்ணாடி அணிந்து, வாழ்நாளில் ஏறாத ஒரு சைக்கிளின் மேல் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் மருமகன். அதைவிடச் சின்ன வட்டத்துக்குள், பெயர் இல்லாமல், ஏதோ வெளிநாட்டு இளைஞன் பறந்துகொண்டிருந்தான்.

முதல் மேட்டுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. ஒத்திகையாக ஒருமுறை தாண்டிப் பார்க்க வேண்டும் என்று வஹாப் கேட்டான். ரிப்பன் வெட்டும் முன் மேட்டில் சக்கரம் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேடு சுத்தமாக இருக்க வேண்டுமாம், அழுக்குப் பூங்காவில்.

பிறகு மத்தியானம்வரை பேச்சு. தாமோதரன் உலக நாடுகள் மானாம்பதியைத் திரும்பிப் பார்க்கும் நாள் வந்துவிட்டது என்றார். ரஹமத்துல்லா, உலக நாடுகள் ஏற்கெனவே திரும்பிவிட்டன என்ற பொருள்படப் பேசினார். அவருக்குப் போட்ட சால்வை, போன மாதம் அவர் வேறொருவருக்குப் போட்டது.

அதன்பிறகு தாமோதரன் வண்டியின் அருகே போய், கூட்டத்தைப் பார்த்து நின்று, அமுக்கினார். இறங்கியது. இன்னொரு தடவை. இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

"இப்பதான் வண்டி வண்டியா கீது" என்று மைக்கில் சொன்னார்.

ஷாஹீதா இரண்டாவது மேட்டுக்கு அந்தப் பக்கம், மண்வெட்டியோடு விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் சாலையைப் பார்த்து இருந்தது. தூரத்தில் தாமோதரன் வண்டியின் மேல் குனிந்து நிமிர்வதைக் கண்டாள். பொட்டு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வஹாப் ஏறி உட்கார்ந்ததுமே முன்பக்கம் அமிழ்வதை உணர்ந்தான். அக்கா ஏதாவது மாற்றியிருப்பாள். போர்க் விஷயத்தில் அவள் சொன்னதை அவன் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. ரிப்பன் வெட்டியாயிற்று. அவன் மிதித்தான்.

மேலே போனது நன்றாகத்தான் இருந்தது. சாலையில் சாலவாக்கம் டவுன் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டரும் இறங்கிப் பார்த்தார். மறுமேட்டில் முன்சக்கரம் பட்டதும் போர்க்கின் இரண்டு காலும் உள்ளே போயின. போய்க்கொண்டே இருந்து அடியில் முட்டின. வண்டி தலை குனிந்து அங்கேயே நின்றது. வஹாப் மட்டும் பிரயாணத்தைத் தொடர்ந்தான்.

கூட்டம் கைதட்டியது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று நினைத்தார்கள். ஷாஹீதா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்துத்தான் கைதட்டல் விட்டுவிட்டு ஓய்ந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய வாக்கில் இல்லை. அவள் அவனைத் தோளில் தாங்கி ஜீப்பில் ஏற்றும்போது பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல், பொட்டப்புள்ள சாமான் எடுத்தா இப்டிதான் என்றது. இன்னொரு குரல் ஆமோதித்தது. ரஹமத்துல்லா பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் விழுந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டார். மைக் இல்லாத இடத்தில் அவருக்குப் பேச வராது என்று வைத்துக்கொள்ளலாம்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முறிவு என்றார். மாவுக்கட்டு போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஷாஹீதா தம்பியிடம், ஏறியபோது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நல்லா அமுங்குச்சி. எனக்கோசரம் நீதான் சாஃப்ட்டா வச்சிக்கீறேன்னு நெனச்சேன்க்கா."

 வண்டியை ஓட்டினவனும் அவளை நம்பித்தான் ஓட்டியிருக்கிறான். போர்க்கில் காற்று கசிந்திருக்கிறது. கசிகிற போர்க்கை எடுத்தது அவள். நூறா, நூற்றறுபதா என்று அப்பனிடம் வாதாடி, மொத்தக் கடைக்காரர் சிரிக்கச் சிரிக்கப் புரட்டிப் பார்த்து எடுத்தது. மாமாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வேலைக்கு வந்துவிடுகிறேன் என்றாள். மாமா நல்ல முடிவு என்றார். அவர் எல்லா முடிவையும் அப்படித்தான் சொல்வார்.

ரஹமத்துல்லா டாக்டர் அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். மகளுக்குக் கேட்கும்படி, நடந்தது நடந்துபோச்சு, இதில் யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னார். பெருந்தன்மைபோல் தெரிந்தது.

மூன்று மணிவாக்கில் வண்டி கடைக்குத் திரும்பியது. நாளையிலிருந்து அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எதனால் என்று தெரியாமல் போக அவளுக்கு மனமில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைச் சுழற்றினாள். ரிம் ஓர் இழைகூடக் கோணவில்லை. பிரேக் ரப்பருக்கும் அதற்கும் நடுவில் இருந்த சந்து, காலையில் இருந்த அதே சந்து. ரிம்மைத் தேர்ந்ததில் தவறில்லை.

வண்டியை நிமிர்த்தி அமுக்கினாள். அடிவரை போனது. பம்பை மாட்டினாள். முள் எழுந்திருக்கவே இல்லை. காலையில் அடித்த அளவுக்கு மறுபடி அடித்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு, முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. எழுந்து முழு எடையையும் போட்டு அமுக்கினாள். இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி. இறங்கவில்லை. எண்ணெய் எங்கேயும் கசியவில்லை, சோப்பு நுரை தடவினாலும் ஒரு குமிழ் இல்லை.

கசியவில்லை என்றால் காற்று எங்கே போயிற்று?

டீ கொண்டுவந்த வகிதா, மகள் போர்க்கின் மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதைத்தான் காலையில் உன் அத்தாவும் திறந்து வைத்துக்கொண்டிருந்தார் என்றாள். தீக்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததையும், புஸ்ஸென்று சத்தம் வந்ததையும் சொன்னாள். டயருக்கு என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லிக்கொண்டு வரும்போதே மகளின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்தினாள்.

 டீயில் ஆடை படர்ந்தது.

"ஒங்கத்தா வேணும்னு பண்ற ஆளு இல்ல" என்றாள் வகிதா. "தெரிஞ்சி பண்ற ஆளும் இல்ல. அதான் பேஜாரே."

சாயங்காலம் தாமோதரன் வந்தார். கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. பின்னால் இரண்டு ஆட்கள். அந்த இருவருக்கும் வேலை ஒன்றும் கிடையாது. அவர் பேசும்போது தலையாட்டுவதும், பேசாதபோது அவரைப் பார்ப்பதும்தான். வஹாப் படுக்க முடியாமல் கடையிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாமோதரன் சாத்துக்குடியை ஒன்றொன்றாக அமுக்கி, நல்லதாக ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

விழுவது விளையாட்டில் சகஜம் என்றார். பையன் ஆர்வக்கோளாறில் கையை முன்னால் ஊன்றிவிட்டான், வண்டியில் குறை இல்லை என்றார். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் ரிம் வளையவில்லை. உள்ளே மடித்த வால்தான் தாங்கியிருக்க வேண்டும். ஷாக்கும் மத்தியானம் அருமையாக இறங்கியது. ஆகவே பூங்காவுக்கு வேண்டிய வண்டி எல்லாம் இந்தக் கடையில்தான் எடுக்கப்போகிறார். இதே ரிம், இதே போர்க், இதே மாதிரி இறங்க வேண்டும்.

ரஹமத்துல்லாவின் முகத்தில், மத்தியானத்திலிருந்து காணாமல் போயிருந்த மாமணி திரும்பி வந்தார். எழுந்து நின்றார். வைத்த பந்தயத்தில் மகள் ஜெயித்துவிட்டாள் என்பதை இரண்டு ஆட்களும் கேட்கும்படி அறிவித்தார்.

"இனிமே நம்ம கடைக்கு சரக்கு எடுக்கறது ஷாஹீதாதான். நான் சொன்னா சொன்னதுதான்."

அவள் கேட்டது அதுதான். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரகடம் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை. பந்தலில் பேசிய குரல்களும் நாளைக்கே மாற்றிப் பேசும். அவள் போர்க்கின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

தாமோதரன் எழுந்து வந்து, ஆர்டர் கொடுத்தவருக்குரிய உரிமையோடு ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கினார். இறங்கவில்லை. கையை உதறினார்.

"மறுபடியும் செத்துப் போச்சே. மத்தியானம் அப்டி எறங்குச்சே பாய்."

எல்லாரும் ரஹமத்துல்லாவைப் பார்த்தார்கள். ஷாஹீதாவும் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி இல்லை. அதுதான் அவரை உட்காரவைத்தது.

"அது வந்துண்ணே, வெயிலுக்கு காத்து கொஞ்சம் எறங்கிடுச்சி" என்றார்.

"எறங்கிடுச்சா, எறக்கனீங்களா?" என்றாள் வகிதா. அவள் கதவு நிலையில் சாய்ந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

இறங்குவதற்கும் இறக்குவதற்கும் நடுவில் தமிழில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். மத்தியானத்திலிருந்து ரஹமத்துல்லா அந்த ஓர் எழுத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். அவ்வளவு பருமனான மனிதருக்கு அது போதவில்லை.

அவர் மகனின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"எறக்கனேன்" என்றார். "தீக்குச்சியால."

"இன்னாத்துக்கு அத்தா?" என்று கேட்டான் வஹாப். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அண்ணன் அமுக்குனா எறங்கணும்னுதான். மெத்துனு கீய வருவேன்னு நெனச்சேன்டா. அக்கா மேல தப்பில்ல. அது கரெக்டாத்தான் வச்சிட்டுப் போச்சி."

  ரஹமத்துல்லா ஒரு மேடையிலும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. இவ்வளவு கவனமாக அவரை யாரும் கேட்டதுமில்லை.

தாமோதரன் இதை முழுவதும் உள்வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பையனின் கையை அவரும் பார்த்தார். ஆனால் அவர் மனம் வேறொரு சொல்லில் நின்றுவிட்டது.

"எனக்கோசரமா எறக்கனீங்க பாய்?"

ஆமாம் என்று தலையசைத்தார் ரஹமத்துல்லா.

 தாமோதரனுக்காக யாரும் இதுவரை இவ்வளவு தூரம் போனதில்லை. அவர் ரஹமத்துல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எல்லா வண்டியிலயும் அதே மாதிரி எறக்கிக் குடுத்துடுங்க."

தலையாட்டும் ஆட்கள் தலையாட்டினார்கள். 'ஆகட்டும்ணே' என்ற சொல் ரஹமத்துல்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. அது அங்கேயே குடியிருக்கும் சொல். வாயைத் திறந்தவர், மகளைப் பார்த்து மூடினார்.

"சரக்கு வெசயம் நான் சொல்றதுக்கில்லண்ணே. பாப்பாவ கேளுங்க."

அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு தப்பித்தல் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. எப்படியானாலும் சொல்லிவிட்டார். தாமோதரன் திரும்பினார். ஷாஹீதா பம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எறக்கித் தரேன் மாமா" என்றாள். "ஒரு கண்டிஷன். மொதல்ல எறக்கன வண்டியில நீங்க ஏறி அந்த மேட்ட தாண்டணும். முழுசா எறங்கி வந்துட்டீங்கன்னா, அல்லாத்துலயும் எறக்கித் தரேன். இல்லாட்டி நான் அடிச்ச காத்துதான்."

வஹாப் சிரிக்கப் பார்த்து, கை வலித்ததால் நிறுத்தினான். வகிதா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ரஹமத்துல்லா, ஆர்டர் கடைவாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

தாமோதரன் சிரித்திருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஜீப்பில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் பின்னால் அந்த இரண்டு ஆட்கள் நின்றார்கள். அவர் பேசவில்லை, அதனால் வழக்கம்போல் அவரையே பார்த்தார்கள். பேனரில் சைக்கிளின் மேல் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்த மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அவர் வேட்டி நுனியைக் கையில் எடுத்தார்.

"நாளைக்கு காலையிலயே மேட்டுக்கு வந்துடு பாப்பா" என்றார். பிறகு சுவரில் தொங்கியவற்றை நிமிர்ந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அதுல எந்த ஹெல்மெட்டு என் தலைக்கு சேரும்?"